இரண்டு கோடு தெரிந்தால் தட்டம்மைதானா?

கோவிட் காலத்தில் சுயப் பரிசோதனைப் பட்டையில் ஒரு கோடா, இரண்டு கோடா என்று நாம் எல்லாரும் காத்திருந்து பார்த்திருக்கிறோம். தட்டம்மைக்கும் அத்தகைய பட்டைகள் வந்துள்ளன. ஜிம்பாப்வேயிலும் நம் மலேசியாவிலும் அவற்றை மதிப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சோதனையையே எப்படிச் சோதிப்பது? அதுவே இவ்வாரப் பாடம்.

ஏன் இந்த அவசரம்?

எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே ஒரு தட்டம்மை நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு நோய் தொற்றலாம். அவருடன் பழகியவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கலாம். அல்லது அதன் கடுமையைக் குறைக்கலாம். உட்புறக் கிராமத்திலிருந்து இரத்த மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு பெறுவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். பட்டையோ நோயாளியின் அருகிலேயே, சில நிமிடங்களில் முடிவைக் காட்டிவிடும்.

பட்டை எதைத் தேடுகிறது?

கோவிட் பட்டை கிருமியின் புரதத்தைத் தேடியது. தட்டம்மைப் பட்டை, கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைத் தேடுகிறது. விரல்நுனி இரத்தமோ ஈறோரம் ஊறும் நீரோ போதும்.

எதிர்ப்பொருள் உருவாகச் சில நாள்கள் ஆகும். ஆய்வக ஐஜிஎம் சோதனையிலும்கூட, தடிப்பு தோன்றிய முதல் 3 நாள்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு நோயாளிக்கு 'இல்லை' என்று வரக்கூடும். மாறாக, அண்மையில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட குழந்தைக்கு நோய் இல்லாமலேயே கோடு தெரியலாம்.

மதிப்பிடும் முறை

ஒரே நபரின் மாதிரியைப் பட்டையிலும் ஆய்வகத்திலும் சோதிப்பார்கள். பட்டையைப் படிப்பவருக்கு ஆய்வக முடிவு தெரியக்கூடாது. பிறகு இரண்டு கேள்விகள்:

1. நோய் உள்ளவர்களில் எத்தனை விழுக்காட்டினரைப் பட்டை கண்டுபிடித்தது? இது உணர்திறன்.
2. நோய் இல்லாதவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு 'இல்லை' என்று சரியாகச் சொன்னது? இது தனித்தன்மை.

கணக்குப் போடுவோம்

ஒரு பட்டையின் உணர்திறன் 90%, தனித்தன்மை 95% என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலும் தடிப்பும் உள்ள 1,000 குழந்தைகளைச் சோதிக்கிறோம்.

ஊர் அ: நோய் பரவிக்கொண்டிருக்கிறது, 500 பேருக்குத் தட்டம்மை. அவர்களில் 450 பேருக்குக் கோடு தெரியும். நோயில்லாத 500 பேரில் 25 பேருக்கும் தவறாகத் தெரியும். மொத்தம் 475 கோடுகளில் 450 உண்மை, அதாவது சுமார் 95%.

ஊர் ஆ: தடுப்பூசியால் நோய் அரிதாகிவிட்டது, 20 பேருக்கு மட்டுமே தட்டம்மை. மற்றவர்களுக்கு ரூபெல்லா, டிங்கி போன்ற வேறு காரணங்களால் தடிப்பு. 20 பேரில் 18 பேருக்குக் கோடு தெரியும். மற்ற 980 பேரில் 49 பேருக்குத் தவறாகத் தெரியும். மொத்தம் 67 கோடுகளில் 18 மட்டுமே உண்மை, அதாவது சுமார் 27%.

பட்டை மாறவில்லை, ஊர்தான் மாறியது. ஆகவே, "இந்தப் பட்டை எவ்வளவு துல்லியமானது?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எங்கே, யாரிடம் பயன்படுத்துகிறோம்?" என்றும் கேட்க வேண்டும்.

'இல்லை' என்ற முடிவையும் பாருங்கள். ஊர் அ-வில் 525 பேருக்கு 'இல்லை' என்று வரும்; அவர்களில் 50 பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது. அவர்களைக் கவலையின்றிப் பள்ளிக்கு அனுப்பினால் என்ன ஆகும்? நோய் பரவும் இடத்தில் அறிகுறி உள்ள குழந்தைக்குக் கோடு தெரியாவிட்டாலும் தனிமைப்படுத்துவதே முறை. நோய் அரிதான இடத்தில் கோடு தெரிந்தால், உடனே தற்காப்பு நடவடிக்கையைத் தொடங்கிவிட்டு, ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும். பட்டை ஆய்வகத்துக்கு மாற்று அன்று, துணை.

முயன்று பாருங்கள்

அதே பட்டை, அதே 1,000 குழந்தைகள். ஆனால் 100 பேருக்குத் தட்டம்மை. தெரியும் கோடுகளில் எத்தனை பங்கு உண்மை?

விடை: 135 கோடுகளில் 90; அதாவது மூன்றில் இரண்டு பங்கு.