விளையாட்டுப் போட்டியில் சமநிலையும் நீதியும்

பொங்கல் நோம்பி வந்தால் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் சடுகுடு, வாலிபால் போட்டிகள் நடைபெறுவது வழக்கம். தோற்ற குழு உடனே வெளியேறும் முறையைவிட, ஒவ்வொரு குழுவும் மற்றெல்லாக் குழுக்களோடும் ஒருமுறை ஆடும் லீக் முறை சிறந்தது. ஆயின் அதற்கு நாள் கூடுதலாக வேண்டும். குழுக்கள் 4 எனின் ஆட்டங்கள் 6. குழுக்கள் 6 எனின் 15. 8 எனின் 28.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. முடிவில் இரண்டு மூன்று குழுக்கள் சமமாக நின்றுவிட்டால் கோப்பை எவருக்கு? இதற்கு விடையை முன்னரே எழுதி வைக்காவிடில், திடலில் தோன்றும் பூசல் வாய்க்கால் நீர்ப் பங்கீடு வரையில் தொடரக்கூடும்.

எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். க, ச, த, ப என நான்கு சடுகுடுக் குழுக்கள் உள்ளன எனக் கொள்வோம். க குழு ச குழுவை 2 புள்ளியில் வென்றது. ச குழு த குழுவை 6 புள்ளியிலும், த குழு க குழுவை 3 புள்ளியிலும் வென்றன. வலிமை குன்றிய ப குழுவை, க 30 புள்ளியிலும், ச 12 புள்ளியிலும், த 10 புள்ளியிலும் வென்றன. மூன்று குழுக்களுக்கும் இரண்டிரண்டு வெற்றிகள்.

எல்லா ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தையும் கூட்டினால் க 29, ச 16, த 7. கோப்பை க குழுவுக்கே. ஆனால் சமமான மூவரும் தமக்குள் ஆடியவற்றை மட்டும் பார்த்தால், ச 4 புள்ளி மிகுதி. க 1 புள்ளியும் த 3 புள்ளியும் குறைவு. கோப்பை ச குழுவுக்கு. முதற் கணக்கு எளியவரை மிகுதியாக வீழ்த்தியவருக்குப் பரிசளிக்கிறது. இரண்டாவது, நிகரானவரோடு நின்று வென்றவருக்கு அளிக்கிறது. கோவை மக்கள் நன்கறிந்த கூடைப்பந்தின் உலக விதியும் சமமான குழுக்கள் தமக்குள் ஆடியவற்றையே முதலில் நோக்குகிறது.

சிறு விதியும் பெரும் பயன் விளைக்கும். 2023 டிசம்பரில் சென்னையில் 8 பேர் ஆடிய கிராண்ட் மாஸ்டர்ஸ் சதுரங்கப் போட்டியில் குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் 4½ புள்ளிகளுடன் சமமாயினர். மேலும் ஆட்டமின்றி, வகுத்திருந்த விதிப்படி குகேஷ் முதலிடம் பெற்றார். அது 2024 கேண்டிடேட்ஸ் போட்டிக்குள் அவர் நுழையத் துணைபுரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் உலகப் பட்டம் வென்றார். 2025 பிப்ரவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ என்னும் சிற்றூரில் அவரும் பிரக்ஞானந்தாவும் 8½ புள்ளிகளுடன் சமமாகினர். அங்கு விதி வேறு. மின்னல்வேகக் கூடுதல் ஆட்டங்களில் பிரக்ஞானந்தா வென்றார்.

ஆகவே போட்டி நடத்தும் பஞ்சாயத்துகளுக்கு நாம் கூறுவன இவை:

1. சமமான குழுக்கள் தமக்குள் பெற்ற வெற்றிகளை முதலிலும், அவ்வாட்டங்களின் புள்ளி வித்தியாசத்தை அடுத்தும் நோக்குக.

2. அதன்பின்னரே எல்லா ஆட்டங்களின் வித்தியாசத்தையும் கணக்கிடுக. ஓர் ஆட்டத்திற்கு 10 புள்ளிக்கு மேல் சேர்க்காமல் வரம்பிடுவது நன்று.

3. பாதியில் விலகிய குழுவின் ஆட்டங்களை அனைவருக்கும் ஒன்றுபோல நீக்குக.

4. அப்போதும் சமமெனில் சிறிய கூடுதல் ஆட்டம் நடத்துக. பொழுதில்லையேல் பரிசைப் பகிர்க. திருவுளச்சீட்டு திறமையை அளக்காது. கோப்பையை முதலில் எவ்வூர் வைத்திருப்பது என்பதற்கு மட்டும் அது போதும்.

இவ்விதிகளை முதல் ஆட்டத்திற்கு முன்பே எழுதி, எல்லாக் குழுத் தலைவர்களிடமும் கையொப்பம் பெற்று, திடலில் ஒட்டி வைத்தல் வேண்டும். எவர் வெல்வார் என்பது தெரியாத வேளையில் வகுத்த விதியையே தோற்றவரும் மனமுவந்து ஏற்பர்.