குரங்குக்காக ஒரு வழக்கு

எங்கள் மாலை வகுப்பு திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு அருகில் நடக்கிறது. ஒரு நாள் பாதிப் பாடத்தில் கரண்ட் போய்விட்டது. மெழுகுதிரி ஏற்றினோம்.

ஒரு அக்கா கேட்டார்: "கேரளாவில் இத்தனை ஆறு ஓடுதே! இன்னும் ஒரு அணை கட்டினால் என்ன தம்பி?"

நல்ல கேள்வி. அப்படி ஒரு அணை கட்டப் பார்த்த கதையைச் சொன்னேன்.

பாலக்காடு மாவட்டத்தில் ஒரு மழைக்காடு இருக்கிறது. அதன் பெயர் அமைதிப் பள்ளத்தாக்கு. இங்கே 'சைலண்ட் வாலி' என்பார்கள். அதில் குந்திப்புழை என்ற ஆறு ஓடுகிறது.

அந்தக் காட்டில் சிங்கவால் குரங்கு வாழ்கிறது. கறுப்பு உடம்பு. முகத்தைச் சுற்றி நரைத்த பிடரிமயிர். வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறு எந்தக் காட்டிலும் இந்தக் குரங்கு இல்லை. மரத்துக்கு மரம் தாவியே வாழும். காடு துண்டானால் அதன் வழியும் துண்டாகும்.

1970களில் கேரள மின்சார வாரியம் குந்திப்புழையில் அணை கட்ட நினைத்தது. 120 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும், மலபாரில் விளக்கு எரியும் என்றார்கள். அது நியாயமான ஆசைதான். ஆனால் சுமார் 2,000 ஏக்கர் காடு தண்ணீரில் மூழ்கும்.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் எதிர்த்தது. நம் ஊர்க் கவிஞர் சுகதகுமாரி எதிர்த்தார். 1979-ல் சிலர் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். குரங்கு கோர்ட்டு படி ஏறுமா? அதற்காக மனிதர்கள் ஏறினார்கள். மரம் வெட்டுவதற்குத் தடை உத்தரவு கிடைத்தது.

ஆனால் 1980 ஜனவரியில் வழக்கு தள்ளுபடி ஆனது. 'இதை முடிவு செய்ய வேண்டியது அரசு. நாங்கள் இல்லை' என்பதே தீர்ப்பின் சாரம்.

கோர்ட்டில் தோற்றார்கள். அதற்குள் நாடே பேச ஆரம்பித்துவிட்டது. மத்திய அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. 1983-ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

"அப்போ கோர்ட்டால் பிரயோசனம் இல்லையா?" என்றார் அக்கா.

அப்படி இல்லை. கானமயில் என்ற பெரிய பறவையைப் பாருங்கள். நாட்டில் சுமார் 150தான் மிச்சம். பெரும்பாலும் ராஜஸ்தானில் வாழ்கிறது. பறக்கும்போது நேர் முன்னால் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. மின்கம்பியில் மோதிச் சாகும். வழக்கு வந்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம், 'கம்பிகளை மண்ணுக்கு அடியில் போடுங்கள்' என்றது.

அரசு மறுபடி கோர்ட்டுக்குப் போனது. அந்தக் கம்பியில் வருவது வெயிலிலிருந்து எடுக்கும் மின்சாரம். அதில் நிலக்கரிப் புகை இல்லை. அந்தப் புகைதான் பூமியைச் சூடாக்குகிறது. மழை காலம் தப்புகிறது. கம்பி முழுவதையும் புதைக்க முடியாது என்றது அரசு.

2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவை மாற்றியது. எங்கே புதைக்கலாம் என்று பார்க்க ஒரு குழுவை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படுவது மக்களின் உரிமை என்றும் சொன்னது. பறவைக்குக் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கரண்ட் வந்தது. அக்கா சிலேட்டை எடுத்தார்.

"கானமயிலுக்கு எந்த 'ன' போடணும் தம்பி?"