மைத்துளியும் பூச்சுக் கடதாசியும்

பொறி ஒன்று, மை ஒன்று, படமும் ஒன்று. ஆயினும் கடதாசி மாறின் அச்சும் மாறுகின்றது. ஒன்றிற் கூரிய கோடு. மற்றொன்றிற் கலங்கிய கறை. இங்க்ஜெற் எனப்படும் மைத்தாரை அச்சில் இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றுகின்றது என்பதைச் சிறிது ஆராய்வாம்.

இப்பொறியில் அச்செழுத்துக் கடதாசியை அழுத்துவதில்லை. நுண்டுளைகளினின்று மைத்துளிகள் வீசப்படுகின்றன. ஒரு துளியின் கனவளவு பெரும்பாலும் சில பிக்கோலீற்றரே. ஒரு பிக்கோலீற்றர், ஓர் இலீற்றரை இலட்சங்கோடி கூறிட்டதில் ஒரு கூறாம். வீட்டுப் பொறிகளில் வழங்கும் மையிற் பெரும்பகுதி நீர். துளி வீழ்ந்ததும் நீர் விரைந்து உள்ளிறங்கல் வேண்டும். நிறப்பொருளோ மேற்பரப்பை அண்டியே தங்கல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ இடந்தருவதே நற்கடதாசியின் இலக்கணம்.

பூச்சில்லாக் கடதாசி நார்களின் பின்னல். மயிர்த்துளைக் கவர்ச்சியால் மை நார்வழியே ஓட, எழுத்தின் ஓரம் பிசிறுகின்றது. நிறமும் ஆழ்ந்து மங்குகின்றது.

அங்ஙனமாயின் சஞ்சிகைகளிற் காணும் பளபளப்பான கடதாசி ஏற்றதாகுமோ? ஆகாது. வெண்களியும் கல்சியங் காபனேற்றும் பூசிய அக்கடதாசி, ஓப்செற் அச்சின் எண்ணெய் மைக்கென அமைந்தது. நீர்மிக்க மையை அது மெல்லவே உறிஞ்சும்; துளிகள் ஒன்றுகூடித் திட்டுத்திட்டாகும்; விரல் பட்டாற் கலையும். வெளுத்ததெல்லாம் பாலன்று.

மைத்தாரைக்கென ஆக்கிய பூச்சு இருவகைப்படும். நுண்டுளைப் பூச்சில் சிலிக்கா அல்லது அலுமினாத் துணிக்கைகளிடையேயுள்ள துளைகள் நீரை உடனே ஏற்கும். சாயங்கள் பெரும்பாலும் மறையேற்றமுடையன. ஆதலின் பூச்சிற் சேர்த்த நேரேற்றப் பல்பகுதியம் அவற்றை அவ்விடத்தே பிணிக்கும். வீங்கு பூச்சில் செலற்றின் போன்ற பொருள் நீரையுண்டு வீங்கிச் சாயத்தைத் தன்னுள் அடக்கும். ஆனால் உலரக் காலந் தாழ்க்கும், ஈரத்திற்கும் ஆற்றாது.

அச்சின் தரம் அன்றைய அழகோடு முடிவதன்று. நுண்டுளைகள் காற்றுக்கும் வழியாதலின், அவற்றிற் பதிந்த சாயம் ஓசோனால் விரைவில் வெளிறக்கூடும். வீங்கு பூச்சு இதனை ஓரளவு தடுக்கும். சாயத்திற்குப் பதிலாக நிறத்துணிக்கை கலந்த மையோ இன்னும் உறுதியாய் நிற்கும்.

பெற்றோரின் படத்தையும் பழைய வகுப்புக் குழுப்படத்தையும் மறுபதிப்புச் செய்வோர் இதனை உளங்கொள்ளல் வேண்டும். மூலப்படம் கறையான் வாய்ப்பட்டபின் மறுபதிப்பே எஞ்சும். ஆதலின் முதலில் மஞ்சட் பரப்பின்மேற் கருங்கோடும் நுண்ணெழுத்தும் அச்சிட்டுப் பார்க்க. ஓரம் பிசிறாது, உலர்ந்தபின் விரலிலும் ஒட்டாதாயின் அக்கடதாசியைக் கொள்க. நெடுநாள் வைத்தற்குரியதாயின் நிறத்துணிக்கை மையையே தேர்க. மையும் கடதாசியும் ஒன்றையொன்று ஏற்றாலன்றிப் பொறியின் திறம் பயன்படாது.