ஏறி இறங்கும் சாளரம்

நுழையுமுன்

காற்று வரும் வழி என்னும் பொருளில் சன்னலைக் ‘காலதர்’ என்றனர் பண்டைத் தமிழர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. ஆங்கிலேயர் வழங்கும் ‘விண்டோ’ என்னும் சொல்லும் ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் பழைய வடஐரோப்பியச் சொல்லிலிருந்து பிறந்ததே. ‘சன்னல்’ என்பதோ போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. இங்கிலாந்தில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கில் உள்ள ஒருவகை மரச் சாளரம் இன்றைய புதிய கட்டடங்களில் எவ்வாறு இடம்பெறுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

தில்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ சென்னைக்குச் செல்லும் தொடர்வண்டியில், குளிரூட்டப்படாத பெட்டியின் சன்னலைத் திறப்பது ஒரு சிறு போராட்டமே. கண்ணாடிச் சட்டத்தை இரு கைகளாலும் மேலே தூக்க வேண்டும். இருபுறக் கொக்கிகளும் சரியாக மாட்டிக்கொள்ளும் வரை பிடித்திருக்க வேண்டும். கொக்கி நழுவினால் சட்டம் தடாலென விழும்; விரல் அகப்பட்டால் நசுங்கும். தூக்கிய எடையைத் தாங்க அங்கே கொக்கியைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதே காரணம்.

அதே சன்னல், தூக்கி விட்ட இடத்தில் தானாகவே நிற்குமானால் எப்படி இருக்கும்? இவ்வினாவுக்கு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துத் தச்சர்கள் விடை கண்டனர். கிணற்று இராட்டினத்தில் கயிற்றின் இரு முனைகளிலும் ஒரே எடையுள்ள வாளிகளைக் கட்டினால், இரண்டும் அசையாமல் தொங்கும். விரலால் தொட்டாலும் ஒன்று ஏற, மற்றொன்று இறங்கும். இவ்வுண்மையை அவர்கள் சன்னலுக்குள் ஒளித்து வைத்தனர். சன்னலின் இருபுற நிலைகளும் திண்ணிய மரங்கள் அல்ல. உள்ளே கூடான நீண்ட பெட்டிகள். கண்ணாடிச் சட்டத்தில் கட்டிய கயிறு, நிலையின் மேற்பகுதியில் உள்ள கப்பியின் மீது ஏறிப் பெட்டிக்குள் இறங்குகிறது. அதன் மறுமுனையில் ஓர் இரும்பு எடைக்கட்டி தொங்குகிறது. சட்டம் மேலே சென்றால் கட்டி கீழே செல்லும். சிறுகுழந்தையும் ஒரு கையால் திறக்கக்கூடிய சன்னல் அது.

இவ்வாறு ஏறி இறங்கும் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘சேஷ்’ என்று பெயர். சட்டம் எனப் பொருள்படும் ‘ஷாசி’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு அது. சரக்குந்தின் அடிச்சட்டத்தைப் பட்டறைகளில் ‘சேசிஸ்’ என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான்.

ஒரு சன்னலில் இரண்டு சட்டங்கள் உண்டு. மேற்சட்டம் வெளிப்புறமாகவும் கீழ்ச்சட்டம் உட்புறமாகவும் தனித்தனித் தடங்களில் ஓடும். கைதேர்ந்த தச்சர் இங்கே ஒரு நுட்பம் செய்வார். மேற்சட்டத்தின் எடைக்கட்டிகளைச் சட்டத்தைவிடச் சற்றுக் கூடுதலான எடையில் அமைப்பார். அதனால் மேற்சட்டம் எப்போதும் மேல்நோக்கியே அழுந்தி நிற்கும். கீழ்ச்சட்டத்தின் கட்டிகளைச் சற்றுக் குறைவான எடையில் அமைப்பார். அது கீழ்நோக்கி அழுந்தி நிற்கும். மூடிய சன்னல் தானாகத் திறந்துகொள்ளாமல் இருப்பதன் மறைபொருள் இதுவே. இரண்டையும் சிறிது திறந்து வைத்தால், அறையின் வெப்பக் காற்று மேலிடைவெளி வழியே வெளியேறும். குளிர்ந்த காற்று கீழிடைவெளி வழியே உள்ளே வரும். மின்விசிறி தோன்றுவதற்கு முன்பே, மின்சாரமின்றி அறையைக் குளிர்வித்த ஏற்பாடு அது.

இச்சன்னலின் தோற்றத்தை வடித்ததில் தச்சரைப் போலவே சட்டத்துக்கும் பங்குண்டு. 1666ஆம் ஆண்டில் லண்டன் மாநகரம் பெருந்தீக்கு இரையாயிற்று. அதன்பின் நகரத்தில் மரவீடுகள் விலக்கப்பட்டு, செங்கல்லும் கல்லும் கட்டாயமாயின. ஆயினும் சன்னல்கள் மரத்தாலேயே இருந்தன. சுவரின் முகப்போடு ஒட்டியிருக்கும் மரச்சட்டம் அடுத்த வீட்டின் தீயை எளிதில் பற்றிக்கொள்ளும் என அஞ்சினர். எனவே, மரச்சட்டத்தை வெளிச்சுவரின் முகப்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி அமைக்க வேண்டும் என்று 1709இல் விதிக்கப்பட்டது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, எடைப்பெட்டிகளைச் செங்கற்சுவருக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. இன்று பழைய லண்டன் தெருக்களில் சன்னல்கள் குழிந்து, மெல்லிய வெண்ணிறக் கோடுகளாகத் தெரிவதைக் கண்டு அழகென்று வியக்கிறோம். அவ்வழகின் பெரும்பகுதி தீயச்சத்தின் விளைவு.

பழஞ்சன்னல்கள் இருநூறு ஆண்டுகள் நிலைத்ததற்கு மரமும் காரணம். பால்டிக் கடற்கரை நாடுகளின் குளிரில் மெதுவாக வளர்ந்த பைன் மரங்கள் அவை. ஆண்டு வளையங்கள் நெருங்கி, வைரம் பாய்ந்தவை. 20ஆம் நூற்றாண்டில் விரைந்து வளர்த்து விரைந்து வெட்டிய மரங்களில் செய்த சன்னல்களோ சில ஆண்டுகளிலேயே உளுத்தன. மரமே ஆகாது என்று மக்கள் எண்ணத் தொடங்கினர். வண்ணம் பூசத் தேவையில்லாத நெகிழிச் சன்னல்கள் 1980களிலிருந்து வீடுதோறும் நுழைந்தன. குற்றம் மரத்தினுடையது அன்று, மரத்தைத் தேர்ந்தவர்களுடையது.

இன்று இங்கிலாந்தில் எழும் புதிய குடியிருப்புகள் சிலவற்றில் இம்மரச் சன்னல்கள் மீண்டும் இடம்பெறுகின்றன. பழைய தெருவின் நடுவே புதிய வீடு கட்டும்போது, அண்டை வீடுகளின் தோற்றத்தோடு அது இயைய வேண்டும் என நகராட்சிகள் வலியுறுத்துவதும் உண்டு. ஆனால் பழைய சன்னலை அப்படியே நகலெடுத்து வைக்க முடியாது. வழிமறிப்பது வெப்பம். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது எனக் கணக்கிடுவர். ஒற்றைக் கண்ணாடிக்கு அந்த அளவு ஏறத்தாழ 5. இங்கிலாந்தில் 2022இல் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகளின்படி, புதிய வீட்டின் சன்னலுக்கு அது 1.6ஐத் தாண்டக்கூடாது. ஆகவே இரண்டு கண்ணாடித் தகடுகளை இடைவெளி விட்டு அமைத்து, இடையில் ஆர்கான் வளியை அடைக்கின்றனர்.

இங்கேதான் பழைய தராசு ஆட்டம் காண்கிறது. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 2.5 கிலோகிராம் எடையுள்ளது. 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டரில் 7.5 கிலோகிராம். 4 மில்லிமீட்டர்த் தகடுகள் இரண்டு சேர்ந்தால் 20 கிலோகிராம். மரச்சட்டத்தின் எடை தனி. எடைக்கட்டிகளும் அதற்கேற்பக் கூட வேண்டும். பெட்டியின் அகலமோ சிறிது. எனவே சிலர் இரும்புக்கு மாற்றாக ஈயத்தைப் பயன்படுத்துகின்றனர். ஒரே பருமனுள்ள இரும்பைவிட ஈயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. வேறு சிலர் கயிறு, கப்பி, கட்டி மூன்றையும் நீக்கிவிட்டுச் சுருள்வில்லைப் பொருத்துகின்றனர். சுருள்வில் இடத்தை மிச்சப்படுத்தும். பெட்டி தேவையில்லாததால் சன்னலின் நிலையும் ஒல்லியாகும். எனினும் கயிறு அறுந்தால் உள்ளூர்த் தச்சரே மாற்றிவிடுவார். தளர்ந்த வில்லுக்கு ஏற்ற மாற்று வில்லைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் குறுக்குச் சட்டங்கள். 18ஆம் நூற்றாண்டில் பெரிய கண்ணாடி கிடைப்பது அரிது. ஆகையால் மேலே ஆறு, கீழே ஆறு எனப் பன்னிரண்டு சிறு கண்ணாடிகளை விரலளவே தடித்த மரச்சட்டங்களில் பதித்தனர். ஒவ்வொரு சிறு கண்ணாடியையும் இரட்டைத் தகடாக்கினால், அவற்றின் விளிம்புகளைத் தாங்கும் மரமும் தடித்துவிடும். சன்னலின் ஒளி குன்றும். அதற்காக இன்று ஒரே பெரிய இரட்டைக் கண்ணாடியை வைத்து, அதன் இருபுறமும் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டிவிடுகின்றனர். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. எதையும் தாங்காத சட்டத்தை எதற்கு வைப்பது என்று கேட்கும் கட்டடக் கலைஞர்களும் உள்ளனர். அவர்கள் கேள்வி நியாயமானதே. பெரிய கண்ணாடி மலிவாகக் கிடைத்த 19ஆம் நூற்றாண்டில் தச்சர்களே குறுக்குச் சட்டங்களைக் கைவிட்டார்கள். அப்போது கண்ணாடி கனத்தது. அதைத் தாங்கும் மூட்டுகளை வலுப்படுத்த மேற்சட்டத்தின் இருபுற மரங்களையும் சிறிது கீழே நீட்டிவிட்டனர். ‘கொம்பு’ எனப்படும் இந்நீட்சி, தேவையால் பிறந்தது. இன்று சில நெகிழிச் சன்னல்களில் பன்னிரண்டு கட்டங்களும் உண்டு, வெறுமனே ஒட்டிய கொம்புகளும் உண்டு. இரு காலத்து உறுப்புகளை ஒரே முகத்தில் சேர்த்த வேடிக்கை அது.

லண்டனின் மேற்கே, தேம்சு ஆற்றங்கரையில் உள்ள ரிச்மண்டில், கட்டடக் கலைஞர் குவின்லன் டெரி 1980களில் ஓர் அலுவலக வளாகத்தை அமைத்தார். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது 18ஆம் நூற்றாண்டு வீடுகளின் வரிசை. வரிசை வரிசையாக ஏறியிறங்கும் சன்னல்கள். உள்ளேயோ தாழ்ந்த பொய்க்கூரையும் நீண்ட அலுவலகக் கூடங்களும். சன்னல் ஒரு முகமூடியாகிவிட்டது என்று குறைகூறினர் பலர். ஆற்றங்கரையில் அமர்ந்து அதன் அழகில் மகிழ்வோரும் மிகப்பலர். டார்செட்டில் 1993 முதல் கட்டப்பட்டு வரும் பவுண்ட்பரி என்னும் குடியிருப்பைப் பற்றியும் இதே வழக்கு நடந்தவண்ணம் உள்ளது.

தோற்றத்தை மட்டும் வாங்கினால் அது முகமூடிதான். இயக்கத்தையும் சேர்த்து வாங்கினால் கதை வேறு. அடுக்குமாடி வீட்டில் கோடையில் மேலும் கீழும் திறந்து காற்றோட்டம் பெறலாம். வெளிப்புறம் விரியும் கதவு இல்லாததால் நடைபாதையை அது மறிக்காது, பலத்த காற்றில் அடித்துக்கொள்ளாது. குழந்தைகள் உள்ள வீட்டில் சட்டம் 10 செ.மீ.க்கு மேல் திறவாதபடி தடைக்கட்டை பொருத்தலாம். பெரியவர் அதனை விலக்கித் திறக்கலாம். நகரும் பொருளுக்கு இடைவெளி வேண்டும்; அவ்விடைவெளி வழியே குளிர்காற்று நுழையாதிருக்க, தடங்களின் உட்புறத்தில் மெல்லிய தூரிகைப் பட்டைகளைப் பதிக்கின்றனர்.

மரமும் மாறிவிட்டது. நியூசிலாந்தில் விரைந்து வளரும் ஒருவகைப் பைன் மரத்தை, புளிக்காடியின் அமிலத்தோடு உறவுடைய ஒரு வேதிப்பொருளால் நெதர்லாந்தில் பக்குவப்படுத்துகின்றனர். ‘அக்கோயா’ என்னும் பெயரில் விற்கப்படும் அம்மரம் நீரைப் பற்றிக்கொள்வது மிகக் குறைவு. மழைக்காலத்தில் உப்பிச் சிக்கிக்கொள்வதும், கோடையில் சுருங்கி ஆடுவதும் மரச்சன்னலின் பழைய நோய்கள்; அந்நோய்கள் இதில் பெரிதும் தணிந்துள்ளன. அறுக்கும்போது காடியின் மணம் எழும் என்பர் தச்சர்.

விலை ஒரு தடைதான். மரச்சன்னலுக்கு நெகிழிச் சன்னலைவிடப் பன்மடங்கு செலவாகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணமும் பூச வேண்டும். நூறு வீடுகளைக் கட்டி விற்றுவிட்டுப் போகும் நிறுவனம் அச்செலவை விரும்பாததில் வியப்பில்லை. அங்கே ஐம்பது ஆண்டுகள் வாழப்போகும் குடும்பத்தின் கணக்கு வேறு. நெகிழிச் சட்டம் விரிசல் கண்டால் முழுச் சன்னலையும் பெயர்த்தெறிய நேரும். மரச்சட்டத்தின் அடிப்பகுதி உளுத்தால், உளுத்ததை மட்டும் வெட்டியெடுத்து, புதுத்துண்டை ஒட்டுச் சேர்த்து, வண்ணம் பூசிவிடலாம்.

கயிறும் என்றேனும் அறும். அதற்கான வழியைப் பழந்தச்சர் முன்பே செய்து வைத்தனர். எடைப்பெட்டியின் அடிப்பகுதியில், கண்ணாடிச் சட்டம் மறைக்கும் இடத்தில், ஒரு சிறு மரப்பலகை மூடியாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதை நெம்பி எடுத்தால் எடைக்கட்டி கைக்கு எட்டும்; புதுக்கயிற்றைக் கட்டி மீண்டும் உள்ளே விடலாம். கயிறும் கட்டியும் வைத்துச் செய்யும் இன்றைய சன்னல்களிலும் தச்சர்கள் இம்மூடியை மறவாமல் அமைக்கின்றனர்.

சொல்லும் பொருளும்

அதர் – வழி
கப்பி – கயிறு ஓடும் சிறு சக்கரம்
வைரம் பாய்ந்த – நன்கு முற்றி உறுதியடைந்த
உளுத்தல் – மரம் அரித்துப் பொடியாதல்
புளிக்காடி – புளித்த நீர்மம், வினிகர்

பயிற்சி

1. தொடர்வண்டிச் சன்னலுக்கும் ஏறியிறங்கும் மரச் சாளரத்துக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
2. மேற்சட்டத்தின் எடைக்கட்டிகள் சட்டத்தைவிடக் கனமாக இருப்பது ஏன்?
3. 6 மில்லிமீட்டர்த் தகடுகள் இரண்டு கொண்ட, ஒரு சதுர மீட்டர்ப் பரப்புள்ள இரட்டைக் கண்ணாடியின் எடையைக் கணக்கிடுக.
4. எதையும் தாங்காத குறுக்குச் சட்டங்களைப் புதிய சன்னலில் ஒட்டுவது சரியா? இரு தரப்பாகப் பிரிந்து வகுப்பில் உரையாடுக.
5. உங்கள் வீட்டுச் சன்னல் எப்பொருளால் ஆனது, எவ்வாறு திறக்கிறது, பழுதானால் யார் சரிசெய்வார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.