‘கியாசு’ என்றால் கோபப்படலாமா?

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருபவர்களை ஆங்கில இலக்கணம் அவ்வளவாகப் படுத்துவதில்லை. ஆளை எடைபோடும் சொற்கள்தான் காலை வாரிவிடுகின்றன. எது திட்டு, எது கேலி, எது பாராட்டு என்று பிடிபடுவதற்குள் முகம் வாடிவிடுகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: ‘கியாசு’, ‘பிளர்’ எல்லாம் கொச்சை. அகராதியில் கிடையாது.

உண்மை: ‘கியாசு’ 2007இலேயே ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. 2016இல் ‘பிளர்’, ‘சாபோ’, ‘ஷியோக்’, ‘லெப்பாக்’ ஆகியவையும் சேர்ந்தன. அதற்காக அலுவலகக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் 2000இல் தொடங்கிவைத்த நல்ல ஆங்கில இயக்கம் வலியுறுத்துவது பொது ஆங்கிலத்தைத்தான். நேர்காணலிலும் அதையே எதிர்பார்ப்பார்கள்.

நம்பிக்கை 2: ‘கியாசு’ என்றால் பேராசைக்காரன்.

உண்மை: ஹொக்கியன் மொழியில் அதற்கு ‘தோற்றுவிடப் பயம்’ என்று பொருள். மற்றவர்கள் முந்திக்கொண்டால் நமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதைப்பு அது. தேக்கா நிலைய உணவங்காடிக்கு மதியம் போய்ப் பாருங்கள். பிரியாணி வரிசையில் நிற்பதற்கு முன்பே, மேசைமேல் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம்பிடித்திருப்பார்கள். இந்தக் குணத்தைக் கிண்டலடித்து ‘மிஸ்டர் கியாசு’ என்ற சித்திரக்கதை 1990இல் வந்தது. 1993இல் மெக்டோனல்ட்ஸ் ‘கியாசு பர்கர்’ விற்றது. ‘நான் கொஞ்சம் கியாசு’ என்று தன்னையே சொல்லிச் சிரிப்பவர்கள் இங்கே ஏராளம்.

நம்பிக்கை 3: சூப்பர்வைசர் ‘பிளர்’ என்றால் முட்டாள் என்கிறார்.

உண்மை: நடப்பது புரியாமல் விழிப்பவர்தான் ‘பிளர்’. ‘பிளர் லைக் சோத்தோங்’ என்றும் சொல்வார்கள். சோத்தோங் என்பது மலாயில் கணவாய். ‘பாஸ், இன்னொரு தடவை சொல்லுங்க’ என்று கேட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். ‘டோன்ட் ஆக்ட் பிளர்’ என்றால் மட்டும் உஷாராகுங்கள். தெரிந்துகொண்டே தெரியாததுபோல் நடிக்கிறாய் என்பது அதன் பொருள். அது குற்றச்சாட்டு.

நம்பிக்கை 4: ஊரில் பழகிய ஆங்கிலம் எங்கேயும் செல்லும்.

உண்மை: நம் மணமகள் தேவை விளம்பரங்களில் ‘ஹோம்லி’ என்றால் குடும்பப் பாங்கான பெண். அமெரிக்க மேலாளரிடம் அதையே சொன்னால், அழகில்லாதவர் என்று எடுத்துக்கொள்வார். வெகுளியானவரை நாம் ‘இன்னசென்ட்’ என்கிறோம். நீதிமன்றத்தில் அந்தச் சொல்லுக்கு நிரபராதி என்று பொருள். நம் பேச்சில் ‘ஆட்டிட்யூட் காட்டுறான்’ என்றால் திமிர் பிடித்தவன். ஆண்டு இறுதி மதிப்பீட்டில் ‘குட் ஆட்டிட்யூட்’ என்று எழுதியிருந்தால், வேலையை மனமுவந்து செய்கிறீர்கள் என்ற பாராட்டு.

நம்பிக்கை 5: சிங்கப்பூர் ஆங்கிலத்தில் தமிழுக்குப் பங்கே இல்லை.

உண்மை: வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்கின் அடியில் இருக்கும் மளிகைக் கடையை எல்லா இனத்தவரும் ‘மாமா ஷாப்’ என்பார்கள், அந்த மாமா நம்முடையவர்தான். பள்ளியிலும் தேசிய சேவையிலும் தமிழ் நண்பர்களோடு பழகிய சீன, மலாய் இளைஞர்கள் ‘டேய்’ என்று கூப்பிடுவதும் உண்டு. அது தோழமை, முறைக்கத் தேவையில்லை. ஆனால் வயதில் மூத்தவரை அப்படிக் கூப்பிட்டால், கூப்பிடுபவர் யாராக இருந்தாலும் மரியாதைக் குறைவுதான்.

அகராதி பொருளை மட்டுமே சொல்லும். யார், யாரிடம், எந்தக் குரலில் சொன்னார் என்பதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் கோபப்படாதீர்கள். புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். இந்த ஊரில் அதை யாரும் தவறாக நினைப்பதில்லை.