குறுகிய கீழ்த்தாடை: பல்லை எடுப்பதா, எலும்பை வளர்ப்பதா?

கீழ் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பற்கள் பெரிதா, எலும்பு குறுகலா? எலும்பு சரியாக இருந்து நெருக்கடி சிறிதென்றால், பற்களின் பக்கவாட்டை லேசாகத் தேய்த்துக் கிளிப் போட்டாலே போதும். நெருக்கடி அதிகமென்றால் பக்கத்துக்கொரு சிறு கடைவாய்ப் பல்லை எடுப்பார்கள். நம்பகமான வழி, தாடையின் அகலம் மட்டும் அதிகரிக்காது.

பிளேட் வைத்துத் தாடையை விரிக்க முடியாதா? மேல்தாடையில், வளரும் வயதில் முடியும். அண்ணத்தின் நடு இணைப்பு அப்போது விலகிக் கொடுக்கும். கீழ்த்தாடையின் நடு இணைப்போ குழந்தையின் முதல் வயதிலேயே எலும்பாகிவிடுகிறது. பிறகு பிளேட் பற்களைத்தான் வெளியே சாய்க்கும். சாய்ந்தவை பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.

எலும்பே குறுகலென்றால் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம். சைபீரியாவின் குர்கானில் மருத்துவர் இலிசாரோவ் கை கால் எலும்புகளை நீட்டிய முறையை, கீழ்த்தாடையை அகலப்படுத்த வெனிசுவேலாவின் மருத்துவர் குரேரோ பயன்படுத்தி 1990இல் எழுதினார். தாடையை நடுவில் பிளந்து விரிப்புக் கருவியைப் பொருத்திவிட்டு, 5 முதல் 7 நாள் சும்மா விடுவார்கள். வெட்டின் நடுவே மென்மையான இளந்திசு உருவாக வேண்டும். பிறகு நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வீதம் திருகுவார்கள். இழுக்கும் திசையிலேயே நார்கள் அணிவகுக்க, இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி எலும்பு படியும். அவசரப்பட்டால் நார்த்திசுவே மிஞ்சும். மிகவும் தாமதித்தால் இடைவெளி முன்கூட்டியே மூடிக்கொள்ளும். வேண்டிய அகலம் வந்தபின்னும் 2, 3 மாதம் கருவி அசையாமல் இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் நடுப்பகுதி கருமையாகவே இருக்கும்போது கருவியைக் கழற்றச் சொல்லி நச்சரிக்காதீர்கள். உண்மையான சிகிச்சை அந்தக் காத்திருப்பில்தான் நடக்கிறது.

கருவியிலும் வகைகள் உண்டு. பல்லில் மாட்டுவதை எளிதாகக் கழற்றலாம். ஆனால் மேல் விளிம்பு விரியும் அளவுக்கு அடி எலும்பு விரியாது, பல்லும் சாயும். எலும்பில் திருகுவது அடிவரை நன்றாக விரிக்கும். கழற்ற இன்னொரு சிறு அறுவை வேண்டும், உதட்டின் உட்புறம் உறுத்தலாம். எலும்புக்காகத்தானே கத்தி வைக்கிறோம். ஆகவே எலும்பைப் பற்றும் கருவியையே, குறைந்தது பல், எலும்பு இரண்டையும் பற்றுவதையே நான் விரும்புவேன்.

அறுவைக்கு முன் புகைப்பவர்கள் அதை நிறுத்த வேண்டும், ஈறு நோய் உள்ளவர்கள் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வெட்டு, நடு முன்பற்களின் வேர்களுக்கிடையே இறங்கும். அங்கே போதிய இடம் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால், வேர்களைக் கிளிப்பால் விலக்கிய பிறகே வெட்டச் சொல்லுங்கள்.