டீசற் கப்பற் பொறியும் அமுக்கிய காற்றும்

விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதுங் கட்டுரை இலக்கியம் பற்றியதாயிருத்தலே வழக்கம். எனினும், விஞ்ஞானப் பொருள்களைத் தமிழில் விளங்க உரைத்தலும் தமிழாசிரியர் கடனேயென்பது எம் கருத்து. ஆதலின், பெருங் கப்பலின் டீசற் பொறி எங்ஙனம் தொடக்கப்படுகின்றது என்பதை மாணவர் பொருட்டு ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

றுடோல்வ் டீசல் என்னும் அறிஞர் வகுத்த பொறி, 1897 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் வெற்றியுடன் இயங்கிக் காட்டிற்று. அதில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி வேண்டியதில்லை. உருளையினுள்ளே முசலம் மேலெழுந்து காற்றை நெருக்குகின்றது. நெருக்குண்ட காற்று 500 பாகை செல்சியசிற்கு மேலும் வெப்பமடைகின்றது. அவ்வேளை தெளிக்கப்படும் எண்ணெய் தானே தீப்பற்றுகின்றது. ஆயின், பொறி சுழன்றாலன்றிக் காற்று நெருக்குறாது. காற்று நெருக்குற்றாலன்றிப் பொறி தானே சுழலாது. எனவே முதற் சுழற்சியைப் புறத்திலிருந்தே கொடுத்தல் வேண்டும்.

மோட்டார் வண்டியில் இவ்வேலையைச் சிறு மின்மோட்டார் செய்கின்றது. பெருங் கப்பற் பொறிகளுட் சில மூன்று மாடி வீட்டினும் உயர்ந்தவை. பல நூறு தொன் நிறையுள்ளவை. அவற்றை அசைக்க, ஏறத்தாழ 30 பார் அமுக்கத்தில் எஃகுக் கொள்கலங்களில் அடைத்துவைத்த காற்று பயன்படுகின்றது.

தொடக்குமுன் செய்வன பல. மசகெண்ணெய் ஓடவேண்டும். உருளைகளைச் சூழ்ந்த நீர் சூடாயிருத்தல் வேண்டும். கொள்கலத்தின் அடியிற் சேர்ந்த நீரையும் எண்ணெயையும் வடித்தகற்றல் வேண்டும். துறைமுகத்திற் பொறியை மெல்லத் திருப்ப மாட்டிய பற்சில்லைக் கழற்றல் வேண்டும். பின்னர், உருளைகளின் சிறு குழாய்வாய்களைத் திறந்துவிட்டு, எண்ணெய் கொடாது காற்றினால் மட்டும் பொறியைச் சிறிது சுழற்றிப் பார்ப்பர். நீர் காற்றைப்போல் நெருங்கிக் கொடாது. ஆதலின் உருளையில் நீர் தங்கியிருப்பின் முசலத்தைத் தாங்குந் தண்டு வளைந்துவிடும். குழாய்வாயில் நீர் தெறித்தால், காரணங் கண்டு திருத்தும்வரை பொறியைத் தொடக்கார்.

இனித் தொடக்கம். காற்று எல்லா உருளைகளுக்கும் ஒருங்கே செல்வதில்லை. எந்த முசலம் உச்சியைக் கடந்து கீழிறங்கத் தொடங்குகின்றதோ அதன் உருளைக்கே பங்கீட்டுக் கருவி காற்றை விடுகின்றது. இவ்வாறு உருளைகள் முறைமுறையாய்த் தள்ளப்பட, பொறி சுழல்கின்றது. தக்க வேகம் எய்தியதும் காற்றை நிறுத்தி எண்ணெயைக் கொடுப்பர். பொறி தன் வலிமையால் ஓடத்தொடங்கும். காற்று விடும் ஒழுங்கை மாற்றினால் அதே பொறி எதிர்த்திசையிற் சுழலும். கப்பல் பின்னோக்கிச் செல்லும். 1912 ஆம் ஆண்டு கோபன்ஹேகனிலிருந்து பாங்கொக்குக்குப் புறப்பட்ட 'செலாந்தியா' என்னும் புகழ்பெற்ற டீசற் கப்பலின் பொறிகளும் காற்றினாலேயே தொடக்கப்பட்டவை. இக்காலத்துப் புதிய பொறிகள் பலவற்றிற் பங்கீட்டை மின்னணுக் கருவி செய்கின்றது. தள்ளுவது இன்றும் காற்றே.

கப்பல் துறைமுகத்துள் நுழையுங்கால் முன்னே, நில், பின்னே எனக் கட்டளைகள் அடுத்தடுத்து வரும். சுழலியுடன் நேரே இணைந்த பொறியாயின், நிறுத்தி மீண்டும் இயக்குந்தோறும் காற்றுச் செலவாகும். காற்றுத் தீர்ந்தாற் கப்பலைத் தடுக்கப் பொறி உதவாது. நங்கூரமும் இழுவைப் படகுமே துணை. இதனாலேயே, இருபுறமும் சுழலும் பொறிக்கு, மீள நிரப்பாது 12 முறை தொடக்கப் போதிய காற்று இருத்தல் வேண்டுமென்பது விதி. அதனைக் குறைந்தது இரு கொள்கலங்களில் வைத்தல் வேண்டும்.

இக்காற்றுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. உருளையின் தொடக்க வால்வு சரியாக மூடாவிடின், எரிந்த வாயு காற்றுக் குழாயினுள் ஏறும். குழாயில் எண்ணெய்ப் படலம் இருப்பின், அடுத்த முறை காற்று விடும்போது அது வெடித்துத் தீப்பற்றக்கூடும். 1960 ஆம் ஆண்டு ஒக்டோபரில் 'கேப்டவுன் காசில்' என்னுங் கப்பல் லாஸ் பல்மாஸ் துறையை அடைந்தபோது நேர்ந்த இத்தகைய வெடிப்பில் எழுவர் மாண்டனர். குழாய்களிலே தீத்தடுப்பு வலையும் அமுக்கம் மிகின் உடைந்து வழிவிடுந் தகடும் இக்காலத்தில் அமைக்கப்படுகின்றன. எனினும், வால்வையடுத்த குழாய் வழக்கத்தினும் சுடுகின்றதா என்று கவனிக்கும் பணியாளனின் விழிப்பே முதற் காவல். கொள்கலத்தின் அடிநீரை நாள்தோறும் வடித்தல் அற்பவேலை போலத் தோன்றும்; அதுவும் அக்காவலைச் சேர்ந்ததே.

கப்பலில் மின்னும் இன்றிக் காற்றும் இன்றிப் போயின் யாது செய்வர்? கையாற் சுழற்றித் தொடக்கத்தக்க சிறு டீசற் பொறியொன்று, தன்னோடிணைந்த காற்றமுக்கியை இயக்கிச் சிறு கலமொன்றை நிரப்பும். அக்காற்று மின்னாக்கும் பொறியைத் தொடக்கும். அம்மின்சாரம் பெரிய காற்றமுக்கிகளை இயக்கும். அவை நிரப்பிய காற்று, ஈற்றிலே பெரும் பொறியை எழுப்பும். மாணவர் இவ்வரிசையைப் படமாக வரைந்து பார்த்தல் நன்று. ஒரு மனிதனின் கைவலி படிப்படியாக வளர்ந்து கப்பலையே நகர்த்துதல் அதில் தெளிவாகும்.

யாம் நூலறிவு கொண்டு எழுதினோம். கடல்மேற் சென்று இப்பொறிகளோடு பழகிய பழைய மாணவர்கள் தம் பட்டறிவைத் தமிழில் எழுதி உதவின், வருங்கால மாணவர்க்கு அது பெரும் பயனாகும்.